எர்க் சோதனையில் என் வாட் ஏன் நிலையாக இல்லை?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

24 வயது துடுப்புப் படகு வீரர். எடை வரம்பில்லாத பிரிவு, உடல் எடை 88 கிலோ. பத்து வாரங்களில் மூன்று முறை கான்செப்ட்2 எர்கோமீட்டரில் (சுருக்கமாக எர்க், தரையில் வைக்கும் துடுப்புப் பயிற்சி இயந்திரம்) 2000 மீட்டர் சோதனை செய்திருக்கிறார். நேரங்கள் 6:21.8, 6:25.0, 6:23.4. அணித் தேர்வுக்கான எல்லை 6:22. முதல் சோதனையின் ஸ்ப்ளிட்களை, அதாவது ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஆன நேரத்தை, குறித்து வைக்கவில்லை. இரண்டாவதில் நான்கு 500 மீட்டர்களும் 1:31.0, 1:38.0, 1:39.5, 1:36.5 என்று போயின. “ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் 25 வாட் மேலும் கீழும் ஆடுகிறது, உன் சக்தியில் நிலைத்தன்மை இல்லை” என்கிறார் பயிற்சியாளர். அதைச் சரிசெய்ய மூன்று வாரங்களுக்கு முன் வீரர், இழுப்பின் கனத்தை மாற்றும் டேம்பர் நெம்புகோலை 4இலிருந்து 9க்கு ஏற்றினார். மூன்றாவது சோதனையும் 9இல்தான் நடந்தது. இப்போது 3 கிலோ எடையைக் குறைத்துவிட்டு, நான்கு நாளில் மறுசோதனை கேட்கலாமா என்று யோசிக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், “இரண்டு வாரமாக இடது விலாவில் ஒரு வலி, ஆழமாக மூச்சு இழுத்தால் தெரிகிறது” என்றும் எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதுதான் எனக்கு முதலாவது. அந்த விலா வலியை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்கும்வரை மறுசோதனை வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், ‘நிலைத்தன்மை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. சோதனைக்குச் சோதனை வரும் வித்தியாசம் ஒன்று. ஒரே சோதனைக்குள் 500 மீட்டருக்கு 500 மீட்டர் வரும் வித்தியாசம் இன்னொன்று. ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் வரும் ஆட்டம் மூன்றாவது. உங்களுக்கு முதலாவதில் பிரச்சினையே இல்லை. மூன்றாவதில் கொஞ்சம் உண்டு. நேரத்தைத் தின்பது இரண்டாவது.

மூன்று சோதனைகள், பத்து வாட்

“402இலிருந்து 392க்கு இறங்கிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். மானிட்டரில் வாட் என்பது 2.80ஐ, ஒரு மீட்டருக்கு ஆகும் நொடியின் மும்மடிப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 6:25.0 என்றால் மீட்டருக்கு 0.1925 நொடி, அதாவது 392 வாட். 6:21.8 என்றால் 402 வாட். மும்மடி என்பதால் நேரத்தில் 1% மாறினால் வாட்டில் ஏறத்தாழ 3% மாறும். அதனால்தான் வாட் கணக்கில் பார்க்கும்போது சின்ன வித்தியாசமும் பெரிய சரிவாகத் தெரிகிறது. பத்து வாட் என்பது இங்கே 3.2 நொடி, அவ்வளவுதான்.

நன்கு பயிற்சி பெற்ற வீரர்களைச் சில நாள் இடைவெளியில், எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப 2000 மீட்டர் சோதித்தால்கூட நேரம் சுமார் 0.6%, சராசரி சக்தி சுமார் 2% ஆடும். உங்கள் நேரத்துக்கு 0.6% என்பது 2.3 நொடி. உங்கள் மூன்று நேரங்களின் திட்ட விலக்கமோ 1.6 நொடி, அதாவது 0.4%. மூன்றே சோதனைகளை வைத்து அதிகம் சொல்லக்கூடாது என்றாலும், நிலையற்றவர் என்று உங்களைச் சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது இரண்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். அதனால் 3 நொடி வரையிலான ஏற்ற இறக்கத்தை முன்னேற்றம் என்றும் கொண்டாட முடியாது, சரிவு என்றும் வருந்த முடியாது.

ஆனால் தேர்வு எல்லை இந்தப் புள்ளியியலைப் பார்க்காது. உங்கள் சராசரி 6:23.4, எல்லை 6:22. நல்ல நாளில் தேறுவீர்கள், சாதாரண நாளில் தவறுவீர்கள். ஆகவே நல்ல நாளுக்குக் காத்திருப்பதைவிடச் சராசரியையே இரண்டு மூன்று நொடி நகர்த்துவதுதான் வழி. உங்கள் ஸ்ப்ளிட்களைப் பார்த்தால் அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் 500 மீட்டர் வாங்கிய கடன்

இரண்டாவது சோதனையை வாட்டாக மாற்றிப் பாருங்கள். 1:31.0 என்பது 464 வாட். அடுத்து 372, பிறகு 355, கடைசியில் 389. முதல் கால்பகுதியும் மூன்றாவதும் நூற்றுப்பத்து வாட் இடைவெளியில் நிற்கின்றன.

“சீரற்ற வேகம் காற்றெதிர்ப்பில் வீணாகிறது” என்று பலர் விளக்குவார்கள். அது உண்மைதான், ஆனால் மிகச் சிறிய உண்மை. நீங்கள் அன்று ஃப்ளைவீலுக்கு (எர்க்கின் சுழல்சக்கரத்துக்கு) கொடுத்த மொத்த வேலை ஏறத்தாழ 1,51,600 ஜூல். அதே வேலையை முழுக்கச் சமமாகப் பரப்பியிருந்தால் 6:24.3 வந்திருக்கும். இயந்திரக் கணக்கில் இழந்தது 0.7 நொடி மட்டுமே. மீதி இழப்பு உடலுக்குள் நடந்தது.

ஆறரை நிமிட முயற்சியில் பெரும்பங்கு ஆற்றல் ஆக்ஸிஜன் வழியாக வருகிறது. ஆனால் அந்த வழி முழுவேகம் எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தேவைப்படும் மிச்சத்தைத் தசை கடனாகத் தருகிறது. முதல் 8 முதல் 10 நொடிக்கு, தசையில் உடனடி ஆற்றலுக்காகச் சேர்ந்திருக்கும் பாஸ்ஃபோகிரியாட்டின் இருப்பு கைகொடுக்கும். அந்த ஐந்தாறு ஸ்ட்ரோக்குகளில் எவ்வளவு வேகமாகப் போனாலும் விலை குறைவு. அதற்குப் பிறகும் 464 வாட்டைத் தொண்ணூறு நொடி பிடித்துக்கொண்டிருந்தால், ஆக்ஸிஜன் இல்லாமல் ஆற்றல் தரும், லாக்டேட் உண்டாகும் வழியை முழுக்கத் திறந்துவிடுகிறீர்கள். அதோடு சேர்ந்து தசைக்குள் அமிலமும் பாஸ்ஃபேட்டும் ஏறுகின்றன, வேகமான தசையிழைகள் முதலில் சோர்கின்றன. 1000 மீட்டரில் கால் ‘காலியாகி’ விட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உறுதிக் குறைவு அல்ல. அந்தக் கடன் அங்கே வசூலிக்கப்படுகிறது.

அப்படியானால் முதல் ஸ்ட்ரோக்கிலிருந்து கடைசிவரை ஒரே வாட் என்று உங்கள் பயிற்சியாளர் விரும்புவதும் சரியா? அதுவும் இல்லை. சற்றே வேகமான தொடக்கம் ஆக்ஸிஜன் எடுப்பைச் சீக்கிரம் உயர்த்துகிறது. உயர்நிலை வீரர்கள் எர்க்கில் முதல் 500 மீட்டரைத் தங்கள் சராசரியைவிட ஏறத்தாழ 1.5% வேகமாகப் போகிறார்கள். மூன்றாவதில் கொஞ்சம் தணிந்து, நான்காவதில் மீள்கிறார்கள். படகில் இந்த முதல் வேகம் 3% வரை போகும், ஏனென்றால் துடுப்பாளர்கள் பின்பக்கம் பார்த்து அமர்வதால், அங்கே முன்னால் இருந்தால் எதிராளிகளைப் பார்க்க முடியும். எர்க்கில் அந்த லாபம் இல்லை. நீங்கள் போனது கிட்டத்தட்ட 6% வேகமாக.

உங்களுக்கு நான் எழுதித் தரும் திட்டம் இது: 1:34.3, 1:35.8, 1:36.2, 1:34.9. கூட்டினால் 6:21.2. இரண்டாவது சோதனையோடு வரவு செலவு பாருங்கள். முதல் 500இல் 3.3 நொடியை விட்டுக்கொடுக்கிறீர்கள். இரண்டாவதில் 2.2, மூன்றாவதில் 3.3, நான்காவதில் 1.6, ஆக 7.1 நொடி திரும்பக் கிடைக்கிறது. இதற்குத் தேவையான சராசரி சுமார் 404 வாட். முதல் சோதனையில் 402 ஏற்கெனவே வந்திருக்கிறது. அதன் ஸ்ப்ளிட்களைக் குறிக்கவில்லை என்கிறீர்கள். அந்த எர்க்கின் மானிட்டர் நினைவகத்தில் தேதிவாரியாக இருக்கக்கூடும், போய்த் தேடுங்கள். அன்று நீங்கள் மெதுவாகத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையாயின், அதைவிட நல்ல சான்று வேறு வேண்டியதில்லை.

தொடக்கத்தைப் பயிற்சியில் பதியவைக்க வாரம் இரண்டு முறை, விலா குணமான பின், இதைச் செய்யுங்கள். நாற்பது ஸ்ட்ரோக் கொண்ட ஆறு சுற்றுகள், நடுவே மூன்று நிமிடம் லேசாகத் துடுப்பு. முதல் ஐந்து ஸ்ட்ரோக் முக்கால், அரை, முக்கால், முழு, முழு நீளம். அடுத்த ஐந்து உயர் ரேட்டில் (ரேட் என்பது நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்). பதினொன்றாவது ஸ்ட்ரோக்கில் ரேட்டை 33க்கு இறக்கி, ஸ்ப்ளிட்டை (மானிட்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் காட்டும் 500 மீட்டர் வேகத்தை) 1:35.5க்கு விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ரேட் இறங்கும், ஆனால் இழுப்பின் வலிமை இறங்காது, ஸ்ப்ளிட் 1:30இலேயே நிற்கும். உடல் அந்த நொடியில் பொய் சொல்லும். 1:35 ‘சும்மா இருப்பது போல’ இருக்கும். அந்த உணர்வை நம்பாமல் எண்ணை நம்பக் கற்பதுதான் இந்தப் பயிற்சி. பதினொன்று முதல் நாற்பது வரை எல்லா ஸ்ட்ரோக்கும் 1:34.5க்கும் 1:36.5க்கும் நடுவில் விழுந்தால் அந்தச் சுற்று தேறியது.

25 வாட் ஆட்டம்

ஒரு ஸ்ட்ரோக்கின் வாட் என்பது அந்த இழுப்பில் செய்த வேலையை, இழுப்பும் திரும்புதலும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தது. ரேட் 33இல் 400 வாட் என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 727 ஜூல். அதே 727 ஜூலை ரேட் 32இல் இழுத்தால் 388 வாட், 34இல் இழுத்தால் 412. அதாவது இழுப்பு அச்சுப் பிசகாமல் இருந்தாலும், முன்னே வரும்போது இமைப்பொழுது தாமதித்தாலே 12 வாட் நகரும். உங்கள் 25 வாட்டில் பாதியை இதுவே விளக்கிவிடுகிறது.

ஆகவே பயிற்சியாளரிடம் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் வாட்டையும் ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்க்டேட்டா செயலியில் ஸ்ட்ரோக் வாரியாகப் பதிவாகும். வாட்டும் ரேட்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் தாளம்தான் பிசகுகிறது. ரேட் நிலையாக இருந்து வாட் மட்டும் ஆடினால் இழுப்பில் கோளாறு. பெரும்பாலும் நீளம்தான். 1.45 மீட்டர் இழுப்பு சோர்வில் 7 சென்டிமீட்டர் குறைந்தால், அதே விசையிலும் வேலை 5% போய்விடும். மானிட்டரில் விசை வளைவையும் திறந்து வையுங்கள். வளைவு நடுவில் பள்ளம் விழுந்து இரட்டைத் திமிலாக மாறினால், கால் தள்ளி முடிப்பதற்கு முன்பே முதுகு திறக்கிறது என்று பொருள்.

தாளத்துக்கு எளிய பயிற்சி: ஸ்ப்ளிட்டை 1:48இலேயே வைத்துக்கொண்டு, மூன்று மூன்று நிமிடமாக ரேட்டை 22, 24, 26, 28 என்று ஏற்றுங்கள். ரேட் ஏற ஏற இழுப்பின் வலிமையை நீங்களே குறைத்தாக வேண்டும். வேலையையும் தாளத்தையும் தனித்தனியாகக் கையாளும் திறமை இதில் வரும்.

சோதனையின்போது மட்டும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் எண்ணையும் துரத்தாதீர்கள். ஒரு ஸ்ட்ரோக் 1:38 காட்டியதும் அடுத்ததை 1:33க்கு இழுத்து ஈடுகட்டும் பழக்கமே ஆட்டத்தை வளர்க்கிறது. ஸ்ப்ளிட் நீளத்தை முன்கூட்டியே 100 மீட்டர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை அதன் போக்கில் விட்டால் 2000 மீட்டரை 400 மீட்டராகத்தான் பிரிக்கும், உங்கள் 500 கணக்குக்கு அது ஒத்துவராது. இருபது துண்டுகளாகப் பார்த்தால் எங்கே நழுவியது என்பது தெளிவாகத் தெரியும்.

டேம்பர் 9 உங்களுக்கு என்ன தந்தது

நேரத்தில் ஒன்றும் தரவில்லை, 6:23.4 உங்கள் சராசரியேதான். டேம்பர் என்பது காற்று உள்ளே நுழையும் வாயில். எண் கூடினால் காற்று கூடும், ஃப்ளைவீல் சீக்கிரம் தணியும். ஒவ்வொரு திரும்புதலிலும் ஃப்ளைவீல் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதை அளந்து, அதை வைத்தே மானிட்டர் வாட்டைக் கணக்கிடுகிறது. எனவே நெம்புகோலை ஏற்றி மதிப்பெண் வாங்க முடியாது. மாறுவது உங்கள் இழுப்பின் தன்மை மட்டும். கனமான, மெதுவான இழுப்பு, உச்ச விசை அதிகம், கீழ்முதுகிலும் விலாவிலும் சுமை கூடும்.

நெம்புகோல் எண்ணை மறந்துவிட்டு டிராக் ஃபேக்டரை, அதாவது ஃப்ளைவீல் தணியும் வேகத்தைச் சொல்லும் எண்ணை, பாருங்கள். மானிட்டரின் ‘கூடுதல் வசதிகள்’ பட்டியலில் இருக்கும். பத்து ஸ்ட்ரோக் இழுத்தால் எண் நிலைக்கும். உங்கள் பிரிவு ஆண்களுக்கு 125 முதல் 140 வரை போதும். காற்றோட்டக் கூண்டில் தூசியும் பஞ்சும் அடைந்த எர்க்கில் அதே 4ஆம் எண் 110ஐத்தான் காட்டலாம், சுத்தமான எர்க்கில் 130 வரலாம். அறையின் வெப்பமும் கடல்மட்டத்திலிருந்து உயரமும் இதை மாற்றும். மூன்று சோதனைகளும் மூன்று எர்க்கில் நடந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், அதனாலேயே சொல்கிறேன்.

எதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

தேர்வுக்கான சோதனை என்றால், நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒன்றாக, முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும் என்று கேட்பது முறையான கோரிக்கை. பணிவாக, சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள், தோற்ற பிறகு அல்ல. எல்லாவற்றிலும் முக்கியமானது, சிறந்த நேரம் கணக்கா, கடைசி நேரம் கணக்கா என்பது. சிறந்த நேரம் என்றால் 6:21.8 வைத்திருக்கும் நீங்கள் ஏற்கெனவே எல்லைக்குள். இதைக் கேட்காமலேயே மறுசோதனைக்கு ஓடுகிறீர்களோ என்று ஐயப்படுகிறேன்.

மற்றபடி: ஒரே எர்க் அல்லது ஒரே டிராக் ஃபேக்டர், எர்க் தரையிலா ஸ்லைடு (எர்க்கையே முன்னும் பின்னும் நகரவிடும் தாங்கி) மேலா என்ற தெளிவு, ஒரே நேரம், மின்விசிறி உள்ள அறை. சூடான, காற்றில்லாத அறையில் பிற்பாதி வாட் தானாக இறங்கும். செயினுக்கு 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் இட்டிருக்கிறார்களா, இருக்கை ஓடும் தண்டவாளம் துடைத்திருக்கிறதா, கைப்பிடியை மீள இழுக்கும் ரப்பர் கயிறு தளர்ந்திருக்கிறதா என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கயிறு தளர்ந்தால் முன்னே வரும்போது செயின் தொய்யும், இழுப்பின் தொடக்கத்தில் வெறும் காற்றைப் பிடிப்பீர்கள். கால்பலகையின் துளை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3 கிலோவும் நான்கு நாளும்

இரண்டும் வேண்டாம். படகில் எடை குறைந்தால் நீரின் இழுவை குறையும். தரையில் நிற்கும் எர்க்கில் உங்கள் எடையை யாரும் சுமக்கவில்லை. சில நாளில் குறையும் 3 கிலோவில் பெரும்பங்கு நீரும் தசைச் சர்க்கரையும்தான். சரியாக நான்காவது நிமிடத்தில் உங்களுக்குத் தேவைப்படும் பொருள்கள் அவை. நான்கு நாளில் மறுபடி முழுமுயற்சி செய்வது முடியாத காரியமில்லை, ஆனால் வேகத்திட்டம் மாறாமல் அதே உடலை மறுபடி அளந்தால், மேலே சொன்ன 2.3 நொடி ஆட்டத்தை நம்பிச் சூதாடுவதுதான் அது.

விலா வலி

9இல் பயிற்சி தொடங்கி மூன்று வாரம், வலி தொடங்கி இரண்டு வாரம். காரணம் அதுதான் என்று கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. விலா எலும்பின் அழுத்த முறிவு துடுப்பாளர்களிடம் நன்கு அறியப்பட்ட காயம். மூச்சு இழுத்தால், இருமினால், படுக்கையில் புரண்டால் வலி, ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் தொட்டால் வலி என்பவை அதன் அடையாளங்கள். தசைப்பிடிப்பு என்று நினைத்து இழுத்துக்கொண்டே போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தொட்டால் வலித்தால், எம்ஆர்ஐ தேவையா என்று விளையாட்டு மருத்துவரிடம் கேளுங்கள். முறிவு என்று உறுதியானால் பொதுவாக 4 முதல் 6 வாரம் துடுப்பு கிடையாது. அதுவரை வலி தராத அளவில் சைக்கிளில் மூச்சுத்திறனைக் காத்துக்கொள்ளலாம். அழுத்தத்தின் தொடக்கநிலை மட்டும்தான் என்றால் சீக்கிரமே திரும்பலாம். அதையும் மீறி ஒரு முழுமுயற்சி செய்தால், வாரக்கணக்கில் முடிய வேண்டியது ஒரு பருவத்தையே கொண்டுபோகலாம்.

இன்றே நெம்புகோலை இறக்குங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை எர்க்கும் வேண்டாம், எடைப்பயிற்சியில் இழுக்கும் வகைகளும் வேண்டாம். வலி தொடங்கிய நாள், டேம்பர் மாற்றிய நாள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மறுசோதனைத் தேதியை அவர் சொன்ன பிறகு தேர்வுக் குழுவிடம் கேட்கலாம். மருத்துவக் காரணத்தால் தள்ளிவைக்கக் கோரும் கடிதத்தையும் அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.